சனிக்கிழமை ஓட்டுகள்

சனிக்கிழமை காலை என்றால் எனக்கு நல்ல பசி எடுக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். இன்றும் எடுக்கிறது. இந்தப் பொன்சுக்ரோமில் பெண் எடுத்த நாளிலிருந்து வந்த பழக்கம் இது. சனிக்கிழமையானால் எங்கேயாவது ஒரு சாவு விருந்து இருக்கும். சிவப்பும் கறுப்புமாகத் துணி சுற்றிக்கொண்டு போனால் பந்தலடியில் பிளாஸ்டிக் நாற்காலி, காதைக் கிழிக்கும் பாட்டு, ஜொலோஃப் சோறு, பொரித்த கோழி, குளிர்ந்த பீர். ஒரு பாட்டுக்கு விழுந்து புரண்டு அழுதவர்கள் அடுத்த பாட்டுக்கு எழுந்து ஆடுவார்கள். எங்கள் வோல்டா பக்கத்திலும் சாவுக்கு ஆட்டம்பாட்டம் உண்டு. ஆனால் இவர்களைப் போல மனசு விட்டு ஆட எங்களுக்கு வராது. இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

நீங்கள் சாவகாசமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை. பெயர் செனானு அக்பாலு. உலக்கைக் கட்சி வேட்பாளர் லாயர் அசுமாங்குக்குக் கருத்துக்கணிப்பு வேலை பார்த்தவன். என் மனைவி அஃப்ரியே உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், முன்னது பின்னதாகியிருக்கும். நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

லாயரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொப்பை முன்னே வர, ஆள் சற்று நேரம் கழித்து வருவார். போன தேர்தலில் மயிரிழையில் தேனீக் கட்சியிடம் தோற்றவர். முதல் நாளே என் கையைப் பிடித்துக் குலுக்கி, விரலோடு விரல் சொடுக்கி, "தம்பி, ஊருல எவன் எனக்குப் போடுவான், எவன் போடமாட்டான், அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. மத்தத நான் ஆடியே ஜெயிச்சுக்கிறேன்" என்றார்.

நான் கேள்வித்தாளோடு பெண்களை வீடு வீடாக அனுப்பினேன். நாளைக்கே தேர்தல் வந்தால் யாருக்குப் போடுவீர்கள் என்பது கேள்வி. மரியாதை தெரிந்த ஊர் இது. வீடு தேடி வந்த பெண்ணின் மனசு நோகக் கூடாதே என்று, "நீ எந்தக் கட்சிப் பொண்ணும்மா? அதுக்கே போட்டுடுறேன். உக்காரு, ஒரு வாய் ஃபூஃபூ சாப்பிட்டுப் போ" என்று சொல்லிவிடுவார்கள். பெண்கள் வயிறு நிறைந்து திரும்பி வந்தார்கள். தாள்களில் இருந்தது எல்லாம் உபசாரம்.

நேராகக் கேட்டால் வராதது சுற்றிக் கேட்டால் வரும். அதனால் எல்லாவற்றையும் கேட்கச் சொன்னேன். எந்தச் சபைக்குப் போகிறீர்கள், எந்த ரேடியோ கேட்கிறீர்கள், ஒரே சட்டியில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், யாருக்கு என்ன நோய், இந்த வருஷம் உறவில் சாவு விழுந்ததா, விழுந்த சாவுக்கு எந்தக் கட்சிக்காரர் வந்தார், மைக்கில் யார் பெயர் வந்தது. இத்தனையையும் சேர்த்துப் போட்டுக் குலுக்கினால், இன்னார் இன்ன கட்சிக்கு ஓட்டுப் போட நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று கணினி சொல்லும். அதைத்தான் நாங்கள் மாடல் என்கிறோம்.

சிமெண்ட் விலையைப் போட்டுப் பார்த்தேன், ஓட்டு அசையவில்லை. ரோட்டைப் போட்டுப் பார்த்தேன், அதற்கும் அசையவில்லை. பள்ளிக்கூடம், குடிதண்ணீர், ஊழல், ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் சும்மா ஒரு நப்பாசையில் சாவைப் போட்டேன். கோடு துள்ளிக் குதித்து மேலே போனது. உறவில் விழுந்த சாவுக்கு ஒரு வேட்பாளர் நேரில் வந்து, ஆடி, கொடுத்து, அந்தக் கொடையை மைக்செட்காரன் பெயர் சொல்லி அறிவித்துவிட்டால் போதும். மதில்மேல் பூனையெல்லாம் அவர் பக்கம் இறங்கிவிடுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து மேசையைச் சுற்றி ஓடினேன். தபால் பார்க்கும் பெண் உள்ளே வந்து, என்ன விஷயம் என்று கேட்காமலே என்னோடு சேர்ந்து ஆடினாள். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. அஃப்ரியேயிடம் இதைச் சொல்லவேண்டாம்.

அப்புறம் ஒரு பொற்காலம், மேடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பந்தல் பந்தலாகப் போனோம். லாயர் வெள்ளைக் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு நடுவில் இறங்கினால் கிழவிகள் எழுந்து வந்து அவர் நெற்றியில் பணத்தாளை ஒட்டுவார்கள். மைக்செட்காரன் தொண்டை கிழியக் கத்துவான். நான் நாற்காலியில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டே மனசுக்குள் ஓட்டுகளைக் கூட்டுவேன். ஒவ்வொரு வாரமும் கோடு ஏறியது. தேனீக் கட்சியை எட்டிப்பிடிக்கக் கொஞ்சம்தான் பாக்கி. அந்தக் கொஞ்சத்தில்தான் நின்றுபோனது.

காரணம், ஆள் சாகவில்லை. மழை அளவாகப் பெய்து காய்ச்சல் குறைந்த வருஷம் அது. ஒரு சனிக்கிழமை பந்தலே இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் சும்மா உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம்.

"என்னய்யா ஊரு இது, ஒருத்தனுக்காச்சும் சாகணும்னு தோணலியா? நான் ஆட்டத்தையே மறந்துருவேன் போலிருக்கே" என்றார் லாயர்.

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதல் நேரம் சிரித்தேன்.

லாயர் தொகுதிக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்கி விட்டிருந்தார். பக்கவாட்டில் அவர் முகம், பல்லெல்லாம் தெரிய. ஓட்டுநர் இசாஹாக்கு, வடக்கத்திக்காரன், தங்கமான பையன். ஊர்வரைபடம் என்னிடம்தான் இருந்தது என்பதால் வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று சொல்கிற பொறுப்பும் என்னிடமே வந்தது. ஒரு நாள் அவன் வாக்யே சோறு வாங்க மலைக்கு அந்தப்பக்கம் போயிருந்த நேரத்தில், சோள உருண்டை கென்கே விற்கும் கிழவி மாமே பிராகோ கடையிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது. அது முழுக்க முழுக்கத் தற்செயல். அதை நீங்கள் என் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆனால் அந்தச் சாவுச் சடங்கு இருக்கிறதே, அப்படியொரு கூட்டம். லாயர் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினார். அடுத்த வாரம் கேள்வித்தாள் பெண்களை அனுப்பிக் கேட்டுப் பார்த்தேன். மாமே பிராகோவின் பெண்கள், பெண்வயிற்றுப் பேத்திகள், தங்கைகள், தங்கைகளின் பிள்ளைகள், எல்லாம் பரம்பரைத் தேனீக்கள், ஒரு தெருவே உலக்கைக்கு மாறியிருந்தது. ஒரே ஒரு சாவு, அதுவும் தானாக வந்தது. இசாஹாக்குவைக் கூப்பிட்டு, "மலைக்கு அந்தப்பக்கம் வாக்யே நல்லாயிருக்கா?" என்று கேட்டேன். அருமையாயிருக்கும் பாஸ் என்றான். வேண்டும்போது போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னேன். எப்போது வேண்டும் என்பதை நானே போன் செய்து சொல்வதாகவும் சொன்னேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இளகிய மனசுக்காரன். மாமே பிராகோவின் பெண்கள் போட்ட ஓலம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அன்று கோழியைத் தொடமுடியவில்லை. இனி பெண்கள் வேண்டாம், ஆண்களோடு நிறுத்திக்கொள்வது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குத் தலைவர் ஆண்தானே, அவர் சட்டியில் சாப்பிடுகிறவர்களும் அதிகம். வயது, நோய், சட்டியில் சாப்பிடும் மதில்மேல் பூனைகள், மூன்றையும் பெருக்கினால் எந்த வீட்டில் சாவு விழுந்தால் எத்தனை ஓட்டு என்று வரும். வரைபடத்தில் அந்த வீடுகள் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பிலிருந்து வண்டியைத் தூரமாக நிறுத்துவேன், அவ்வளவுதான். நான் யாரையும் விரலால் தொட்டதில்லை. வண்டி என்றால் எங்கேயாவது நிற்கத்தானே வேண்டும்?

நேரமும் பார்க்கவேண்டியிருந்தது. பிணம் வாரக்கணக்கில் குளிர் அறையில் இருந்துவிட்டுத்தான் பந்தலுக்கு வரும். ஆகவே டிசம்பர் ஓட்டுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆள் போயாக வேண்டும். சடங்குகள் ஓட்டுக்குச் சற்று முன்புதான் வரும், அதற்குப் பிறகு மறுபடி வீடு வீடாகக் கேட்டுப் பார்க்க நேரமிருக்காது. எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். ஒரு கை விரல்கள், இன்னொரு கையிலும் கொஞ்சம். பெயர் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, சொல்கிறேன். எல்லோருடைய விருந்திலும் சாப்பிட்டவன் நான்.

இசாஹாக்கு ஒரு நாள் முகம் செத்துப்போய் வந்தான்.

"பாஸ், நாம எங்கேருந்து நவுந்தாலும் அங்க ஒரு பெரியவர் போயிடுறாரு. போன வாரமும் அப்படித்தான், இந்த வாரமும் அப்படித்தான். வண்டிக்கு யாரோ கண்ணு வச்சிருக்காங்க பாஸ். ஒரு ஆடு அறுத்துடலாமா?"

"அறுத்துடு" என்றேன். ஆட்டுக்குப் பணம் நானே கொடுத்தேன். நல்ல இளங்கறி, எல்லோருமாகச் சாப்பிட்டோம்.

இனி என் மாமனார். அவரைப் பற்றித்தான் நீங்கள் முதலிலிருந்தே கேட்க நினைக்கிறீர்கள்.

டான்சோ மாமா கோகோ லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஆஸ்துமாக்காரர், ஆனால் குரல் மட்டும் லாரி ஹாரன். ஊரிலேயே பெரிய சட்டி அவர் வீட்டுச் சட்டிதான். பிள்ளைகள், மருமகள்கள், வாடகைக்கு இருப்பவர்கள், யார் பெற்றதென்றே தெரியாத சிலர், எல்லோரும் அதில்தான் சாப்பிட்டார்கள். என்னைக் கண்டால் அவருக்குக் கொண்டாட்டம்.

"வாங்க வோல்டா மாப்ள. ஊரு ஓட்டெல்லாம் உங்க மடியில இருக்குதாமே. என் ஓட்டு எதுக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

"தேனீக்கு மாமா."

"தப்பு. இந்தத் தடவ நான் பாவாடை ஒரு கட்சி, சட்டை ஒரு கட்சி. ஜனாதிபதிக்கு ஒண்ணு, எம்.பி.க்கு ஒண்ணு. எது பாவாடை எது சட்டைங்கறத மட்டும் உங்க பெட்டிகிட்ட கேட்டுக்கோங்க" என்று சொல்லிச் சிரித்துச் சிரித்து இருமுவார். நான் முதுகைத் தடவிவிடுவேன்.

அந்த வீடு முழுக்க மதில்மேல் பூனை. பெருக்கிப் பார்த்தால் தொகுதியிலேயே அதிகச் சிவப்பு அவர் வீடுதான். மாதக்கணக்காக அவரை வரிசையின் கடைசியில் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். அது தப்பு, கணக்கில் உறவு பார்க்கக் கூடாது. மற்றக் கிழவர்களுக்கும் மருமகன்கள் இருந்தார்கள்தானே. அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்த நேரம், அஃப்ரியே அப்பா வீட்டிலிருந்து போன் செய்தாள்.

"அப்பாவுக்கு மூச்சு இழுக்குதுங்க. மருந்து அடிச்சும் நிக்கல. வண்டிய அனுப்புங்க, சீக்கிரம்."

"கிளம்பிடுச்சு" என்றேன்.

"வாசல்ல ஒரு டாக்ஸி நிக்குது, அதுல ஏத்திடட்டுமா?"

"வேண்டாம்மா. டாக்ஸில ஆக்சிஜன் கிடையாது. வண்டி வந்துட்டேயிருக்கு."

வண்டி மலைக்கு அந்தப்பக்கம் நின்றது. இசாஹாக்கு கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு போன் போதும், எண் என் திரையிலேயே இருந்தது. என் உள்ளங்கால் குறுகுறுத்தது, ராட்டினம் உச்சிக்குப் போய் இறங்கப்போகிற அந்த நொடியில் குறுகுறுக்குமே, அப்படி. அஃப்ரியே மறுபடி அழைத்தாள், எங்கே வருகிறது என்று கேட்டாள், திருப்பத்துக்கு வந்துவிட்டது என்றேன். அடுத்த முறை அவள் பேசவில்லை. பின்னால் பெண்களின் ஓலம் கேட்டது. நான்தான் போய் அவர் கண்ணை மூடினேன். அழுதேன், மேடம். நடிப்பில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

சடங்கு அவருடைய தாய் ஊரான அபேசுவாவில் நடந்தது. மலைக்கு அப்பால், அடுத்த தொகுதி. என் கணக்கில் வந்த எல்லாக் கிழவர்களும் அப்படித்தான். இளவயதில் கோகோ நடவும் லாரி ஓட்டவும் பொன்சுக்ரோமுக்கு வந்தவர்கள், செத்தால் தாய் ஊருக்குப் போகிறவர்கள். பந்தல் எங்கே போட்டால் என்ன, கேட்கிற காது நம் ஊர்க் காதுதானே என்று பேருந்து பிடித்து எல்லோரையும் கூட்டிப்போனேன். மாமாவின் சகோதரி மகன்கள் பந்தலின் தலைமாட்டில் உட்கார்ந்து கொடைகளை வாங்கினார்கள். அஃப்ரியேயும் அவள் தம்பிமாரும் விருந்தாளிகளோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். லாயர் அன்று ஆடியதுபோல் என்றைக்கும் ஆடியதில்லை. மைக்செட்காரன் அவர் பெயரைச் சொன்னபோது பந்தலே எழுந்து நின்றது. நான் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினேன். துக்கம் தலைக்கேறிவிட்டது என்று சொல்லி யாரோ என்னை இறக்கிவிட்டார்கள்.

டிசம்பரில் தோற்றோம். போன தடவையைவிட மோசமாகத் தோற்றோம்.

ஆனால் அபேசுவா தொகுதியில், யாரும் எதிர்பார்க்காமல், உலக்கைக் கட்சி ஜெயித்தது. அங்கே எங்கள் வேட்பாளர் ஆப்பியா வாத்தியார் என்று ஒரு தூங்குமூஞ்சி, பிரச்சாரத்துக்கே போகாதவர். மறுநாள் அவர் லாயருக்குப் போன் செய்து, "அண்ணே, எங்க ஊருக்கு வந்து வந்து ஆடுனீங்களே, அந்த நன்றிய மறக்கவே மாட்டேண்ணே" என்றார். லாயர் போனைச் சுவரில் எறிந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாரக்கணக்கில் கணினி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கே பிசகு என்று பிடிபடவே இல்லை.

போன வாரம்தான் பிடிபட்டது. கொல்லைப்புறத்தில் ஃபூஃபூவுக்கு அவித்த கிழங்கு இடித்துக்கொண்டிருந்தோம். நான் உலக்கை போட, அஃப்ரியே உரலில் கையை விட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், நீயாவது லாயருக்குப் போட்டாயா என்று கேட்டேன்.

"நானா?" என்றாள். "அப்பாவ அடக்கம் பண்ணின மறுநாளே அத்தை பசங்க வந்து வீட்டுக்குப் பூட்டுப் போட்டாங்க. லாரியையும் ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அவனுங்க கையில பணத்தக் குடுத்துட்டு அவனுங்க முன்னால ஆடுனவருக்கு நான் ஓட்டுப் போடணுமாக்கும்? எங்க வீட்டுல ஒருத்தரும் போடல. செத்துப்போன அந்த மத்தப் பெரியவங்க வீட்டுலயும் இதே கததான், கேட்டுப் பாருங்க."

மேடம், எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. இந்த ஊரில் பிள்ளைகள் அம்மா வகை. அப்பன் செத்தால் அது அவர்கள் குடும்பத்துச் சாவே இல்லை. அவனுடைய அம்மா வகையின் சாவு, அவன் சகோதரிகளும் அவர்கள் பிள்ளைகளும் கொண்டாடவேண்டிய சாவு. அவர்கள் எல்லோரும் இருப்பது அபேசுவாவில். எங்கள் பக்கம் அப்பன் வழி, இங்கே அம்மா வழி, இது எனக்குத் தெரியாததா? கல்யாணத்தன்றே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், கேள்வித்தாளில் இல்லையே. நான் சட்டியை எண்ணினேன், பெற்ற வயிற்றை எண்ணவில்லை. மாடலில் ஒரு குறையும் இல்லை. கோடு சரி, பெருக்கல் சரி. உலக்கையைப் போட்டுவிட்டு உரலைச் சுற்றி ஆடினேன். ஆடிக்கொண்டே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், வாக்யேயிலிருந்து டாக்ஸி வரைக்கும். இத்தனை வாரமாக என்னோடு சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டவள் அவள், அவளும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உரலிலிருந்து கையை எடுத்து, ஒட்டியிருந்த மாவைக்கூடக் கழுவாமல் நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். ராத்தூக்கம் இல்லாத அளவுக்கு வருத்தப்படுகிறேன். அத்தனை பெரியவர்கள், என் மாமனார் உட்பட, வீணாகப் போய்விட்டார்கள். அதற்குக் காரணம் என் இளகிய மனசு. பெண்கள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஆண்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கிழவி போனால் அவள் பெண்கள், பேத்திகள், தங்கைகள், தங்கை பிள்ளைகள் என்று ஒரு வகையே திரும்புகிறது என்பதை மாமே பிராகோவே எனக்குக் காட்டிவிட்டுத்தான் போனார். நான்தான் பார்க்கவில்லை. என் மாமியார் பொன்சுக்ரோமிலேயே பிறந்து வளர்ந்தவர், நிறையப் பெண்களைப் பெற்றவர், சர்க்கரை வியாதிக்காரர். அவரைக் கேள்வித்தாளில் ஒரு வரியாகக்கூட நான் மதிக்கவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

இனி இந்த வேலையே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும், எதற்கும் இல்லை, சும்மா பேச்சுக்குத்தான். உங்கள் அம்மா எந்தத் தொகுதி, மேடம்? உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது?